வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: போகப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பட்டப்படிப்பின் நடுவில் ஒரு செமஸ்டரை மட்டும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு, விண்ணப்பிக்கலாமா என்று யோசிப்பவர்கள், விசாவுக்குக் காத்திருப்பவர்கள், அங்கே போய் இறங்கி ஒரு வாரம் ஆனவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகள்தான் இங்கே இருக்கின்றன. முடிந்தவரை எந்த நாட்டுக்குப் போனாலும் பொருந்துகிற மாதிரி எழுதியிருக்கிறேன். சில இடங்களில் ஒரு நாட்டின் விதியை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை; விண்ணப்பிக்கும்போது அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு செமஸ்டர் என்றால் எத்தனை மாதம்?

நான்கிலிருந்து ஆறு மாதம். எத்தனை மாதம் என்பதைவிட, எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதுதான் முக்கியம். அமெரிக்காவில் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் செமஸ்டர் டிசம்பரில் முடிந்துவிடும். ஜெர்மனியில் குளிர்காலச் செமஸ்டர் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி வரை போகும், தேர்வு அதற்கும் பிறகு வரலாம். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, தென் கொரியாவில் மார்ச்சில். ஆஸ்திரேலியாவில் முதல் செமஸ்டர் பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ, இரண்டாவது ஜூலையில்.

உங்கள் கல்லூரியில் அடுத்த செமஸ்டர் ஜனவரியில் தொடங்குகிறது, அங்கே தேர்வு பிப்ரவரியில் என்றால் இரண்டும் மோதிக்கொள்ளும். அதனால் நாட்டை முடிவு செய்வதற்கு முன்னால் இரண்டு காலண்டர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில பேராசிரியர்கள் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கு மட்டும் தேர்வை முன்னதாக வைத்துத் தருவார்கள். அதை அங்கே போன பிறகு கேட்கலாம் என்று விட்டுவிடாமல், கிளம்புவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

எக்ஸ்சேஞ்சில் போவதற்கும் நாமாகவே விண்ணப்பித்துப் போவதற்கும் என்ன வித்தியாசம்?

பெரிய வித்தியாசம் கட்டணத்தில். எக்ஸ்சேஞ்ச் என்பது இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையே உள்ள ஒப்பந்தம். வழக்கமாக, படிப்புக் கட்டணத்தை உங்கள் சொந்தக் கல்லூரிக்கே கட்டுவீர்கள். அங்கே தனியாகக் கட்ட வேண்டியதில்லை. நீங்களாக விண்ணப்பித்துப் போனால் அங்குள்ள கட்டணம் முழுவதும் உங்கள் தலையில். இரண்டுக்கும் நடுவில், தனியார் நிறுவனங்கள் வீடு, காப்பீடு, சுற்றுலா எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகத் தருவதும் உண்டு. வசதிதான், ஆனால் அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள்.

இந்த ஏற்பாடு புதியதல்ல. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகம் 1923-ல் எட்டு மாணவர்களை பிரான்சுக்குப் படிக்க அனுப்பியது. ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டம் 1987-ல் 11 நாடுகளோடும் மூவாயிரத்துச் சொச்சம் மாணவர்களோடும் தொடங்கியது. இன்று எராஸ்மஸ் பிளஸ் என்ற பெயரில், ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள பல கல்லூரிகளோடும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. உங்கள் கல்லூரியின் சர்வதேச அலுவலகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எந்தெந்தப் பல்கலைக்கழகங்களோடு நமக்கு இப்போது நடப்பில் உள்ள ஒப்பந்தம் இருக்கிறது, என் துறைக்கு அதில் இடம் உண்டா?" இணையதளத்தில் போட்டிருக்கும் பட்டியல் பழையதாக இருக்கலாம். துறைக்கு இத்தனை இடம் என்று வரம்பும் இருக்கும்.

எந்த ஆண்டில் போவது நல்லது?

என் கருத்தில், அடிப்படைப் பாடங்கள் முடிந்து விருப்பப் பாடங்கள் தொடங்கும் நேரம். முதல் ஆண்டில் போனால் எதைத் தேர்ந்தெடுப்பது என்றே தெரியாது. கடைசி செமஸ்டரில் போனால் அங்கிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (அதிகாரப்பூர்வ மதிப்பெண் பட்டியல்) வரத் தாமதமாகும்போது பட்டமும் சேர்ந்து தள்ளிப்போகும். இதில் மட்டும் துணிச்சல் காட்ட வேண்டாம்.

அங்கே படித்த கிரெடிட் இங்கே கணக்கில் வருமா?

எல்லோரும் கேட்பது இதுதான், இதற்குத்தான் அதிக நேரமும் ஒதுக்க வேண்டும். வரும், ஆனால் தானாக வராது. கிளம்புவதற்கு முன்னால், நீங்கள் எடுக்கப்போகும் ஒவ்வொரு பாடத்துக்கும் இங்கே எந்தப் பாடம் ஈடாகும் என்று உங்கள் துறை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். எராஸ்மஸில் இதற்கென்றே ஓர் ஒப்பந்தப் படிவம் இருக்கிறது. நீங்கள், உங்கள் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம் என்று மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். வேறு திட்டத்தில் போனாலும் அதே மாதிரி ஒரு தாளை நீங்களே தயார் செய்து ஒப்புதல் வாங்குங்கள். "பரவாயில்லை, வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று அன்பாகச் சொல்லும் பேராசிரியர், நீங்கள் திரும்பி வரும்போது வேறு பொறுப்புக்கு மாறியிருக்கலாம். எழுத்தில் இருந்தால்தான் அடுத்து வருபவரும் ஏற்றுக்கொள்வார்.

அந்தத் தாளுக்குத் தேவையானது சிலபஸ். பாடத்தின் பெயர் மட்டும் போதாது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன தலைப்புகள், எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். சென்ற ஆண்டின் சிலபஸ் கிடைத்தால்கூடப் போதும், பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

எண்களும் குழப்பும். ஐரோப்பாவின் கிரெடிட் முறையான ஈசிடிஎஸ்-ல் முழு ஆண்டுக்கு 60, ஒரு செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வீட்டில் படிப்பது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அமெரிக்காவில் இளநிலை மாணவர் ஒரு செமஸ்டரில் சுமார் 15 கிரெடிட் எடுப்பார். முழுநேர மாணவர் என்று சொல்லப் பொதுவாக 12 வேண்டும். ஆகவே இரண்டு ஈசிடிஎஸ் ஓர் அமெரிக்க கிரெடிட்டுக்குச் சமம் என்று பல கல்லூரிகள் கணக்கிடுகின்றன. உங்கள் கல்லூரி எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்.

அப்புறம், ஐந்து பாடம் தேவை என்றால் எட்டுப் பாடத்துக்கு ஒப்புதல் வாங்குங்கள். போய்ச் சேர்ந்த பிறகு ஒரு பாடம் அந்த செமஸ்டரில் இல்லை என்பார்கள், இன்னொன்றில் இடம் நிரம்பியிருக்கும், மூன்றாவது இன்னொரு வகுப்போடு மோதும். இது விதிவிலக்கல்ல, வழக்கமாக நடப்பதுதான். பாடங்களை மாற்றிக்கொள்ள முதல் ஒன்றிரண்டு வாரம்தான் அவகாசம் தருவார்கள். அந்த நேரத்தில் உங்கள் துறைக்குப் புதிதாக எழுதி, பதில் வரக் காத்திருக்க முடியாது.

மதிப்பெண் எப்படி மாறும்? என் சராசரி குறைந்துவிடுமா?

முதலில் அந்த அளவுகோலைப் புரிந்துகொள்ளுங்கள். ஜெர்மனியில் 1.0 மிக உயர்ந்தது, 4.0 தேர்ச்சி, 5.0 தோல்வி. பிரான்சில் 20-க்குப் போடுவார்கள், 10 தேர்ச்சி. 16 எடுத்தாலே மிகச் சிறப்பு. பிரிட்டனில் 70 என்பது முதல் வகுப்பு. டென்மார்க்கில் 12-ல் தொடங்கி மைனஸ் 3 வரை போகும். 100-க்கு 90 எடுத்துப் பழகியவர் 68-ஐப் பார்த்ததும் உடைந்துபோகத் தேவையில்லை. அந்த வகுப்பில் மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்று பாருங்கள்.

மாற்றும் முறை கல்லூரிக்குக் கல்லூரி வேறு. சில இடங்களில் தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் ஏற்றுவார்கள். அப்படியென்றால் உங்கள் சராசரி அசையாது, தைரியமாகக் கடினமான பாடத்தை எடுக்கலாம். சில இடங்களில் அட்டவணை வைத்திருப்பார்கள். வெளிநாட்டு மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்ற அங்கே 'மாற்றியமைத்த பவேரியச் சூத்திரம்' என்று ஒன்று பயன்படுகிறது: அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் எடுத்ததைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். அதிகபட்சம் 100, தேர்ச்சி 40, நீங்கள் எடுத்தது 70 என்றால் விடை 2.5.

விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

அனுமதிக் கடிதம் கைக்கு வந்த நாளே வேலையைத் தொடங்குங்கள். தாமதமாவது பெரும்பாலும் தூதரக நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதில்தான். பாஸ்போர்ட் செமஸ்டர் முடிந்த பிறகும் சில மாதங்களுக்குச் செல்லுபடியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

எந்த வகை விசா என்பதும் முக்கியம். ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) குறுகிய கால விசா எந்த 180 நாளிலும் 90 நாள் தங்கத்தான் அனுமதிக்கும். ஒரு செமஸ்டருக்கு அது போதாது. அந்த நாட்டின் நீண்ட கால விசாவோ தங்கும் அனுமதியோ வேண்டும். அதை வைத்துக்கொண்டு மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போகலாம், ஆனால் அங்கே கழிக்கும் நாட்களுக்கு அதே 90 நாள் கணக்கு உண்டு. பிரிட்டனில் ஆறு மாதம் வரையிலான படிப்புக்கு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனமாக இருந்தால் சுற்றுலா விசா வகையிலேயே போகலாம், ஆனால் வேலை செய்யக் கூடாது. அமெரிக்காவில் எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள் பெரும்பாலும் ஜே-1 விசாவில் போகிறார்கள். படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் நாட்டுக்குள் நுழைய முடியாது. ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போகலாம் என்று முன்கூட்டியே டிக்கெட் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பணத்துக்கு என்ன ஏற்பாடு?

முதல் மாதம்தான் மிகவும் கனமானது. வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, பயண அட்டை, படுக்கை விரிப்பு, பாத்திரம், பதிவுக் கட்டணம் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். உதவித்தொகை கிடைத்திருந்தாலும் அது தவணையாகத்தான் வரும், முதல் தவணை நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு வருவதும் உண்டு. ஆகவே ஒன்றரை மாதச் செலவுக்கான பணம் உங்கள் கையில் தனியாக இருக்க வேண்டும். வெவ்வேறு வங்கிகளின் இரண்டு அட்டைகளை எடுத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே பையில் வைக்காமல் பிரித்து வையுங்கள். வங்கி அனுப்பும் ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறது, அந்த எண் வெளிநாட்டில் வேலை செய்யுமா என்பதைக் கிளம்பும் முன் சோதித்துவிடுங்கள். எண் வேலை செய்யாமல், கணக்கில் பணம் இருந்தும் எடுக்க முடியாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

வீடு எப்படித் தேடுவது? ஏமாற்று வேலை நடக்கிறதாமே?

நடக்கிறது. புதிதாக வரும் மாணவர்கள்தான் குறி. நேரில் காட்ட முடியாது, நான் வேறு ஊரில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்று யாராவது எழுதினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக ஹாஸ்டல் கிடைத்தால், அறை சின்னதாக இருந்தாலும் ஒரு செமஸ்டருக்கு அதுதான் சிறந்தது. விண்ணப்பம் திறக்கும் அன்றே போட்டுவிட வேண்டும். பாடங்களுக்கு ஒப்புதல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தனியார் வீடு என்றால் இன்னொரு சிக்கல்: ஐந்து மாதத்துக்கு மட்டும் வாடகைக்குக் கொடுக்கப் பலர் தயங்குவார்கள். அந்த ஊர் மாணவர் ஒருவர் வெளிநாடு போகும்போது காலியாகும் அறையைக் கேட்டுப் பாருங்கள், அதற்கும் உங்களுக்கும் காலம் பொருந்தும். ஒப்பந்தத்தில் வெளியேறும் தேதி, முன்பணம் திரும்பும் நாள், மின்சாரமும் வெப்பமூட்டும் செலவும் வாடகையில் சேர்ந்ததா என்ற மூன்றையும் படியுங்கள். உள்ளே நுழைந்ததும் சுவர், தரை, குளியலறை எல்லாவற்றையும் படம் எடுத்து உரிமையாளருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். ஜெர்மனி போன்ற நாடுகளில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியை உள்ளூர் அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாள் தேவை. அதைத் தர மறுக்கும் வீடு வேண்டாம்.

அந்த நாட்டு மொழி தெரியாமல் போகலாமா?

ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் இடமாக இருந்தால் படிப்புக்குச் சிக்கல் இல்லை. ஐஈஎல்டிஎஸ், டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்கள் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஆனால் வகுப்பறைக்கு வெளியே வாழ்க்கை அந்த ஊர் மொழியில்தான் நடக்கிறது. ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏ1 என்ற ஆரம்ப நிலையையாவது கிளம்பும் முன் தொட்டுவிடுங்கள்: எண்கள், நேரம், வழி கேட்பது, மன்னிப்பு, நன்றி. அங்கே போனதும் பல்கலைக்கழகத்தின் மொழி வகுப்பில் சேருங்கள். பல இடங்களில் அதற்கும் கிரெடிட் உண்டு. அந்த வகுப்பில் எல்லோரும் தடுமாறுவதால் கூச்சம் சீக்கிரம் போய்விடும், நட்பும் அங்கேதான் எளிதில் அமைகிறது.

வகுப்பறை எப்படி இருக்கும்? சமாளிக்க முடியுமா?

முடியும். பாடத்தின் கடினம் எங்கும் ஒன்றுதான். எழுதாத விதிகள்தான் வேறு.

சில இடங்களில் வருகைப் பதிவே எடுக்க மாட்டார்கள், வாரத் தேர்வும் இருக்காது; செமஸ்டர் முடிவில் வரும் ஒரே தேர்வு எல்லாவற்றையும் தீர்மானிக்கும். முதல் இரண்டு மாதம் மிகச் சுதந்திரமாகத் தெரியும், கடைசி மூன்று வாரம் தூக்கமே இருக்காது. வேறு சில இடங்களில் ஒவ்வொரு வாரமும் கட்டுரை, பிராஜெக்ட், விவாதத்தில் பேசியதற்கு மதிப்பெண் என்று தொடர்ந்து போகும். முதல் வகுப்பில் தரும் பாடத்திட்டத் தாளில் எதற்கு எத்தனை சதவீதம் என்று இருக்கும். அதை அன்று மாலையே படித்து, எல்லாத் தேதிகளையும் காலண்டரில் ஏற்றிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

செமினார் வகுப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே படித்துவிட்டு வர வேண்டும், வந்து பேச வேண்டும். உள்ளூர் மாணவர்கள் அரைகுறைக் கருத்தைக்கூடத் தயங்காமல் சொல்வார்கள்; நாம் முழுதாக யோசித்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். எனக்கு உதவிய வழி, படிக்கும்போதே ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு, வகுப்பின் முதல் பத்து நிமிடத்திலேயே அதைக் கேட்டுவிடுவது. ஒருமுறை குரல் வெளியே வந்துவிட்டால் பிறகு தானாக வரும். கேள்வி எளிமையாக இருந்தாலும் யாரும் சிரிப்பதில்லை, பல நேரம் பக்கத்தில் இருப்பவருக்கும் அதே சந்தேகம் இருக்கும்.

பேராசிரியரை எப்படி அழைப்பது என்பதும் இடத்துக்கு இடம் வேறு. ஸ்வீடனில் மாணவர்கள் பெயர் சொல்லியே அழைப்பார்கள். ஜெர்மனியில் குடும்பப் பெயரோடு மரியாதையாக அழைப்பதே வழக்கம். முதல் மின்னஞ்சலை மரியாதையாக எழுதுங்கள், அவர் எப்படிக் கையெழுத்திடுகிறாரோ அதையே பின்பற்றுங்கள். ஜெர்மானியப் பல்கலைக்கழகக் கால அட்டவணையில் 10 மணிக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்று போட்டிருந்தால் வகுப்பு 10.15-க்குத் தொடங்கும், 'எஸ்.டி.' என்றால் சரியாகப் பத்துக்கு.

ஒன்றில் மட்டும் எந்தச் சமரசமும் கிடையாது: பிறர் எழுதியதை மேற்கோள் காட்டாமல் எடுத்தாள்வது. ஒரு பத்தியாக இருந்தாலும் பாடத்தையே இழக்க நேரிடும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா என்பதும் பாடத்துக்குப் பாடம் மாறுகிறது, வாய் திறந்து கேட்டுவிடுங்கள். மேற்கோள் எழுதும் முறையை நூலகத்தில் இலவசமாகச் சொல்லித்தருவார்கள். முதல் அசைன்மென்டுக்கு முன்பே போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

போய் இறங்கி ஒரு வாரம்தான் ஆகிறது, தினமும் அழுகை வருகிறது. நான் வந்தது தவறா?

இல்லை. இதை முழு மனதோடு சொல்கிறேன். அந்த முதல் நாட்களில் இப்படித் தோன்றாதவர்கள்தான் குறைவு, பலர் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கலாச்சார அதிர்ச்சி என்ற கருத்தைப் பரவச் செய்தவர் கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர். 1954-ல் ஓர் உரையில் பேசினார், 1960-ல் கட்டுரையாக வந்தது. முதலில் தேனிலவு போல் மகிழ்ச்சி, பிறகு சரிவு, பிறகு மீட்சி என்று ஒரு வரிசை சொல்வார்கள். 1955-ல் ஸ்வெரே லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர், ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க உதவித்தொகையில் அமெரிக்காவில் தங்கித் திரும்பிய நார்வேக்காரர்களை ஆராய்ந்து, ஆறு மாதத்துக்குக் குறைவாகவோ 18 மாதத்துக்கு அதிகமாகவோ இருந்தவர்களைவிட நடுவில் இருந்தவர்களுக்குத்தான் பொருந்திப்போவது கடினமாக இருந்தது என்று எழுதினார். புதிய மாணவர்களுக்கான பல அறிமுகக் கூட்டங்களில் காட்டும் யு வடிவ வளைவு இதிலிருந்து வந்ததுதான்.

ஆனால் அந்தக் கணக்கைப் பாருங்கள்: ஒரு செமஸ்டர் என்பதே ஆறு மாதத்துக்குள் முடிந்துவிடுகிறது. உங்கள் சோகம் அந்த வளைவுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களை, வந்த நேரத்திலிருந்தே தொடர்ந்து கவனித்து காலீன் வார்டும் அவர் குழுவினரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், தேனிலவுக் கட்டம் தென்படவில்லை. வந்து இறங்கிய தொடக்கத்தில்தான் சிரமம் உச்சத்தில் இருந்தது. நான் பார்த்தவரைக்கும் இதுதான் உண்மை. எல்லோரும் சந்தோஷமாக இருக்க வேண்டிய நாட்களில் நான் மட்டும் அழுகிறேனே என்று நினைக்கும்போதுதான் பாரம் இரண்டு மடங்காகிறது.

என்ன செய்யலாம்? முடிவை நான்கு வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். தினமும் ஒருமுறை அறையை விட்டு வெளியே போங்கள், ஒரே நூலகத்துக்கு, ஒரே நேரத்துக்கு. தூக்கத்தைச் சரிசெய்யுங்கள், நேர மாற்றம் பழகாத உடம்போடு எதைப் பற்றியும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, படுக்கையை விட்டு எழ முடியவில்லை, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்றால் காத்திருக்காமல் பல்கலைக்கழக ஆலோசகரை அன்றே பாருங்கள். அவசரம் என்றால் அந்த நாட்டின் அவசர எண்ணை அழையுங்கள்.

உள்ளூர் நண்பர்கள் கிடைப்பார்களா?

எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள் முதல் வாரத்திலேயே கிடைத்துவிடுவார்கள். எல்லோரும் தனியாக வந்தவர்கள், எல்லோருக்கும் துணை தேவை. உள்ளூர்க்காரர்களுக்கு ஏற்கெனவே நண்பர்கள் இருக்கிறார்கள், நீங்கள் சில மாதத்தில் போய்விடுவீர்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதைப் புறக்கணிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாரம்தோறும் அதே முகங்கள் கூடும் ஓர் இடத்தில் சேருங்கள். பாட்டுக் குழு, மலையேற்றம், சதுரங்கம், தன்னார்வச் சேவை, எதுவானாலும் சரி. ஒருமுறை மட்டும் நடக்கும் விருந்தில் இருபது பேரிடம் பெயர் சொல்வதைவிட, ஐந்தாவது வாரமும் அதே பயிற்சிக்குப் போய் நிற்பது பலன் தரும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கும் இதுதான் வழி, ஏனென்றால் பேச ஒரு விஷயம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

வார இறுதியெல்லாம் ஊர் ஊராகச் சுற்றலாமா?

இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. போங்கள், ஆனால் எல்லா வார இறுதியும் வேண்டாம். சுற்றுலா பின்னொரு நாளும் போக முடியும். ஓர் அயல் ஊரில் மாணவராகக் குடியிருக்கும் வாய்ப்பு மறுபடி கிடைப்பது அரிது. அந்த ஊரின் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கிறது, தேர்வுக்கு முந்தின இரவு நூலகத்தில் யார் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டு முதியவர் எந்த நேரத்தில் நாயோடு நடக்கிறார் என்பதெல்லாம் அங்கேயே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை மதியமே பையோடு கிளம்புபவரை உள்ளூர் நண்பர்கள் நாலாவது வாரத்தில் அழைப்பதை நிறுத்திவிடுவார்கள். நான் பயணங்களை இடைவிடுமுறைக்கும் செமஸ்டர் முடிந்த பிறகு கிடைத்த நாட்களுக்கும் ஒதுக்கினேன். விசா அனுமதித்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பகுதிநேர வேலை செய்யலாமா?

விசாவைப் பொறுத்தது. ஜப்பானில் தனி அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்புகள் உள்ளன. விதியை மீறினால் விசாவே போய்விடும். பணம் கட்டாயம் தேவைப்படாவிட்டால் ஒரே ஒரு செமஸ்டரில் வேலை தேட நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பேன். வேலையும் வரி எண்ணும் வங்கிக் கணக்கும் சரியாகி முடிவதற்குள் பாதி செமஸ்டர் போய்விடும்.

உடம்பு சரியில்லாமல் போனால்?

காப்பீடு இல்லாமல் கிளம்பவே கூடாது. ஏற்கெனவே உள்ள நோய், பல், மனநலம், நாட்டுக்குத் திரும்ப அழைத்துவரும் செலவு இவை அதில் உண்டா என்று பாருங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால், மருத்துவரின் சீட்டில் மருந்தின் வேதிப்பெயர் இருக்க வேண்டும், நிறுவனம் வைத்த பெயர் மட்டும் இருந்தால் அங்கே யாருக்கும் புரியாது. பாராசிட்டமால்கூட அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்ற பெயரில்தான் கிடைக்கும். சில மருந்துகளை நாட்டுக்குள் கொண்டுபோவதே குற்றம். கவனக் குறைபாட்டுக்குத் தரும், ஆம்ஃபெட்டமின் கலந்த சில மருந்துகளுக்கு ஜப்பானில் அனுமதி இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் அவசர எண் 112, அமெரிக்காவில் 911, ஆஸ்திரேலியாவில் 000.

வீட்டோடு எவ்வளவு பேசுவது?

ஒரு நேரத்தை முடிவு செய்துகொண்டு அதில் பேசுங்கள். நாள் முழுக்கத் துண்டு துண்டாகப் பேசிக்கொண்டிருந்தால் மனம் இரண்டு ஊரிலும் இருக்காது. கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் கவனம் தேவை: ஐரோப்பிய ஒன்றியத்தில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு, அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். அந்த வாரம் வழக்கமான அழைப்பு ஒரு மணி நேரம் தவறிப்போய், வீட்டில் இருப்பவர்கள் கலங்கிவிடுவார்கள்.

திரும்பி வந்த பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடுமா?

கொஞ்ச நாள் ஆகும். 1963-ல் ஜான், ஜீன் கல்லஹார்ன் என்ற இருவர் அந்த யு வளைவை டபிள்யூ ஆக நீட்டினார்கள்: சொந்த ஊருக்குத் திரும்பும்போதும் ஒரு சரிவு உண்டு என்றார்கள். நண்பர்கள் உங்கள் கதையைச் சில நாள் கேட்பார்கள், பிறகு அவர்கள் வாழ்க்கைக்குத் திரும்புவார்கள். அவர்களுக்கும் அந்த மாதங்களில் என்னென்னவோ நடந்திருக்கும். அதை முதலில் கேளுங்கள். உங்கள் கல்லூரிக்கு அந்த நேரத்தில் வந்திருக்கும் வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் மாணவர்களைத் தேடிப் போங்கள். அவர்களுக்கு என்ன தேவை என்று உங்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

காகித வேலைகளை அங்கிருக்கும்போதே முடிப்பது நல்லது: முகவரிப் பதிவை நீக்குவது, வங்கிக் கணக்கு, போன் இணைப்பு, முன்பணம் எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்ற விவரம், டிரான்ஸ்கிரிப்ட் எப்போது யாருக்கு அனுப்பப்படும் என்பது. வங்கிக் கணக்கை முன்பணம் வந்த பிறகு மூடுங்கள். அசைன்மென்டுகள், சிலபஸ், விடைத்தாளின் நகல் எல்லாவற்றையும் உங்கள் கல்லூரி கிரெடிட்டை ஏற்றும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

பிடித்துவிட்டது, இன்னொரு செமஸ்டர் நீட்டிக்கலாமா?

சில நேரம் முடியும். உங்கள் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம், குடியேற்ற அலுவலகம் மூன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். எராஸ்மஸில் ஒவ்வொரு படிப்பு நிலைக்கும் மொத்தம் 12 மாதம் என்ற வரம்பு உண்டு. செமஸ்டரின் நடுவிலேயே கேட்கத் தொடங்குங்கள், ஹாஸ்டல் அறையை வேறு யாருக்காவது ஒதுக்குவதற்கு முன். கிளம்பும்போதே தேதியை மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்கியிருந்தால் வசதி. மூன்று இடத்திலிருந்தும் எழுத்தில் பதில் வரும்வரை திரும்பும் தேதியை மாற்ற வேண்டாம்.